வேட்டியில் இருந்த ரத்தம்

ரெத்தினத்துக்கு முதலில் கண் சிவந்தது என்றுதான் ஆலங்கரைத் தெற்குத் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். கண்ணுக்கு மூன்று மாதம் முன்னாலேயே வயிறு கெட்டுவிட்டது என்பது அவன் பெண்டாட்டி அம்சத்துக்கு மட்டும்தான் தெரியும்.

ஐப்பசி அடைமழையில் ஆரம்பித்தது. பொழுது வெளுக்கும் முன்னால் மூன்று தடவை, கஞ்சி குடித்ததும் ஒரு தடவை, வயலில் நிற்கும்போது இரண்டு தடவை என்று வாய்க்கால் கரைக்கு ஓடினான். சீதபேதி என்று நினைத்து மாதுளம் பிஞ்சை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். நிற்கவில்லை. கார்த்திகையில் ஒருநாள் துவைக்கிற கல்லில் அவன் வேட்டியை விரித்தபோது பின்பக்கம் சளியும் ரத்தமுமாக அப்பிக்கிடந்தது.

"என்ன மாமா இது?"

"மூலச் சூடு. வெளியில மூச்சு விடாதே."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோமே."

"போயி? வேட்டிய அவுத்துட்டுக் குனிஞ்சு காட்டச் சொல்றியா? நாளைக்கே தெரு பூரா சிரிக்கும். இந்தா பாரு புள்ள, யார்கிட்டயாச்சும் சொன்னே, அப்பறம் நான் இந்த ஊருல மனுசனா நடமாட மாட்டேன்."

அவள் சொல்லவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. வீட்டில் அவனும் அவளும்தான். அவன் வேட்டியை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு ஆள் வராத மதகுப் பக்கம் போய்த் துவைத்தாள்.

மார்கழியில் வலது முட்டி பானையாக வீங்கியது. சுளுக்கு எடுக்கிறவர் வேப்பெண்ணெய் போட்டு உருவினார். உருவினதற்கு மறுநாள் இடது முட்டியும் வீங்கியது. பொங்கல் சமயத்தில் வாய் முழுக்கப் புண். பழைய சோறும் பச்சை மிளகாயும் இல்லாமல் வயலுக்கு இறங்காதவன், உப்புப் போடாத நொய்க்கஞ்சியைக் கண்ணீரோடு விழுங்கினான். அதற்கப்புறம்தான் கண். வெயிலைப் பார்த்தால் ஊசி ஏற்றுகிறது என்று துண்டால் மூடிக்கொண்டு நடந்தான். அரசாங்கம் சாராயக் கடைகளைத் திறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சிவந்த கண்ணோடு தள்ளாடி வருகிறவனைப் பார்த்து டீக்கடையில், "ரெத்தினம் விடியறதுக்குள்ளயே போட்டுட்டாண்டா" என்றார்கள். அவன் மறுக்கவில்லை. இருக்கிற சங்கதிக்குக் குடிகாரன் என்ற பெயர் தேவலை என்று நினைத்தான்.

மாசி பிறந்ததும் இரண்டு காலிலும் முட்டிக்குக் கீழே முன்பக்க எலும்பு மேல் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டிகள் எழும்பின. துணி பட்டாலே துள்ளினான். நாலைந்து நாளில் சிவப்பு மாறி, தடியால் விளாசியது போல நீலம் பாரித்தது. கண்ணுக்குத் தூசி, முட்டிக்குச் சுளுக்கு, வாய்க்குச் சூடு, காலுக்கு வாத நீர் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாம் ஒரே உடம்பில் ஒரே சமயத்தில் ஏன் வருகிறது என்று கேட்க ஒருவருமில்லை. கேட்டிருந்தாலும் அவன் முதல் சங்கதியைச் சொல்லியிருக்க மாட்டான்.

அவர்கள் சாகுபடி செய்தது துரைராசுவின் நிலம். ஆறு மா, ஏக்கர் கணக்கில் இரண்டு. ரெத்தினத்தின் அப்பன் காலத்திலிருந்து, விளைச்சலில் பங்கு அளக்கிற வாரச் சாகுபடி. உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது, செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் தெருவில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தார்கள். புரட்டாசியிலேயே ரெத்தினம் கைநாட்டு வைத்திருந்தான். துரைராசு அந்த வருஷம்தான் கட்சி மாறி ஆளுங்கட்சிக் கொடியைக் காரில் கட்டியிருந்தார். மேடையில் உழுகிறவனுக்கு நிலம் என்பார். வயலுக்கு வந்தால் வேறு பேச்சு.

தாளடிப் பயிர் பால் பிடித்துத் தலை சாய்கிற சமயம், வரப்பில் வந்து நின்றார்.

"ஏண்டா ரெத்தினம், மனு போட்டுருக்கியாமே?"

"ஆமாங்க."

"சாகுபடி பண்றவன் பேரத்தானே பதியணும்? நீ எங்கடா பண்றே? நாத்துப் பறிச்சது உன் பொண்டாட்டி. வரப்பு அண்டை வெட்டுனது அவ. உனக்கு முட்டி மடங்கலே. கால் வெளங்காதவனுக்கு எதுக்குடா குத்தகை?"

"காலு சரியாயிடுங்க."

"நல்லா சரியாகட்டும். அறுப்ப நான் அறுத்துக்கறேன். நீ போயி வைத்தியம் பாரு."

அவர் போனபிறகு ரெத்தினம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்க அம்சம் கை கொடுத்தாள். அவன் கை எரிகிற கொள்ளியாகச் சுட்டது.

மாசி இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை, பனி விலகுவதற்குள் டிராக்டர் சத்தம் கேட்டது. வெளியூர் ஆட்கள் இருபது பேர். கதிர் அரிவாள் வைத்திருந்தவர்களுக்கு முன்னால் வீச்சரிவாளோடு நின்றான் துரைராசுவின் கையாள் சாமிதுரை. தெற்குத் தெருவிலிருந்து ஒன்பது பேர் ஓடினார்கள். ரெத்தினத்தின் தம்பி இளையபெருமாள் முன்னால். அம்சம் பின்னால். ரெத்தினமும் விந்தி விந்தி வந்தான். வாய்க்கால் திருப்பத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். முகம் சாம்பலாகிவிட்டது.

"நீங்க போங்க. தோ வந்துடறேன்."

இளையபெருமாள் திரும்பிப் பார்க்கவில்லை. அம்சம் பார்த்தாள். அவன் தாழம்புதருக்குள் இறங்குவது தெரிந்தது.

வயலில் ஏற்கனவே நாலைந்து அரி கதிர் அறுந்து விழுந்திருந்தது.

"நிறுத்துங்கடா!" என்றான் இளையபெருமாள். "எங்கண்ணன் வெதச்சது. நாங்க அறுத்து, வாரத்த உங்க களத்துலயே கொண்டாந்து கொட்டறோம். தாசில்தார் வந்து சொல்லட்டும், நெலத்த விட்டு எறங்கறோம்."

"தாசில்தாரு என்னடா, உங்கண்ணனுக்கு மாமனா?" என்றான் சாமிதுரை. "ஒதுங்கு. ஒதுங்கலேன்னா கதிரோட சேத்து அறுப்பேன்."

யார் முதலில் கை வைத்தது என்று பின்னால் கோர்ட்டில் இரண்டு நாள் கேட்டார்கள். அம்சத்துக்கு ஞாபகம் இருந்தது இவ்வளவுதான். இளையபெருமாள் சாமிதுரையின் தோளைப் பிடித்துத் தள்ளினான். சாமிதுரை அரிவாளை வீசினான். தலைக்கு வந்ததை இளையபெருமாள் இடது கையால் தடுத்தான். வெட்டின சத்தம் வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரி இருந்தது. அவன் கையைத் தூக்கிப் பார்த்தான். சுண்டுவிரலும் அடுத்த விரலும் இல்லை. நெற்றாளுக்கு நடுவில் சேற்றில் கிடந்தன. அவன் அவற்றை எடுக்கக் குனிந்தான். சாமிதுரை மறுபடியும் ஓங்கினான், இந்தத் தடவை குனிந்த கழுத்துக்கு.

வரப்பில் மண்வெட்டி கிடந்தது. அம்சம் எடுத்ததும் அடித்ததும் ஒன்றாகவே நடந்தது. மண்வெட்டியின் பின்கட்டை அவன் காதுக்கு மேலே இறங்கியது. சாமிதுரை முகங்குப்புற விழுந்தான். காதிலிருந்து ரத்தம் நூலாக வழிந்து கதிரில் சொட்டியது. அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இளையபெருமாளின் கையைத் தன் முந்தானையால் சுற்றினாள். நாலு பக்கமும் கம்பும் கல்லும். டிராக்டர் பின்வாங்கும்போது விளைந்த பயிரின் மேலேயே ஏறித் திரும்பியது.

எல்லாம் ஓய்ந்தபிறகுதான் ரெத்தினம் தாழம்புதரிலிருந்து மேலே வந்தான். வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு. வேட்டியில் கையகலத்துக்கு ரத்தம்.

"ஐயோ, மாமா! உங்களையும் வெட்டிட்டானுவளா!" என்று அலறினாள் இளையபெருமாளின் பெண்டாட்டி கண்ணாத்தாள்.

ரெத்தினம் வாயைத் திறந்தான். தம்பியின் கையைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் போலீஸ் வேன் வந்தது. துரைராசு முன் ஸீட்டில். இன்ஸ்பெக்டர் தெருவில் நடந்துவந்து ரெத்தினம் முன்னால் நின்றார். கண்ணைப் பார்த்தார். முட்டியைப் பார்த்தார். லத்தி நுனியால் வேட்டியை ஒதுக்கி, காலில் இருந்த நீலக் கட்டிகளைப் பார்த்தார்.

"குடிச்சிருக்கான். அடி வாங்கியிருக்கான். துணியில ரத்தம். இதுக்கு மேல என்னய்யா சாட்சி? ஏத்து."

அம்சம் வேன் பின்னாலேயே நாலு மைல் நடந்தாள். ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு புங்கமரம். அதற்கு நேரே கம்பி போட்ட ஜன்னல். உள்ளே நடந்தது எதையும் அவள் பார்க்கவில்லை, கேட்டாள்.

"சாமிதுரை மண்டைய ஒடச்சது யார்றா?"

"நான் அங்க இல்லீங்க."

"பின்ன எங்க இருந்தே?"

அடி விழுந்தது. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம்.

"எங்கடா இருந்தே?"

"பக்கத்துல... பக்கத்துல இருந்தேங்க."

"பக்கத்துலன்னா?"

மறுபடியும் அடி. ஒரு தடவை மட்டும் அவன் கத்தினான், கழுத்தறுபடுகிற மாட்டின் குரலில். கட்டிகள் இருந்த காலில் பூட்ஸ் இறங்கியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வேறெங்கு அடித்தாலும் அவன் அப்படிக் கத்த மாட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்து வந்தது. "அடிச்சது ஒரு பொம்பளைன்னு ரெண்டு பேரு சொல்றானுவ. உன் பொண்டாட்டியும் அங்கதான் நின்னாளாம். அவள இட்டாரச் சொல்லட்டுமா? இதே ரூம்புல வச்சிக் கேக்கறேன்."

"வேணாங்க." குரல் தேய்ந்திருந்தது. "நான்தாங்க அடிச்சேன். மம்பட்டியால. நான்தான்."

அம்சம் மரத்தைக் கட்டிக்கொண்டாள். உள்ளே போக வேண்டும், நான்தான் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். போகவில்லை. பயந்துதான் நின்றாள். அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

ரிமாண்டில் இருந்த பதினைந்து நாளில் அந்தக் கால் அழுகியது. பூட்ஸ் பட்டுத் தோல் கிழிந்த இடம் முதலில் புளியங்கொட்டை அளவுதான். இரண்டு நாளில் உள்ளங்கை அளவாயிற்று. ஓரமெல்லாம் கத்தரிப்பூ நிறம், நடுவில் சீழ். செத்த சதையை எடுத்தால் ஆறும் என்று ஜெயிலில் கத்தியால் சுரண்டிக் கட்டினார்கள். சுரண்டச் சுரண்டப் பெருகியது. மூன்றாவது தடவை சுரண்டிய பிறகு எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரும்புக் கட்டிலோடு சங்கிலி போட்டுக் கிடத்தினார்கள். பக்கத்தில் காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள். அறுவை டாக்டர் பார்த்துவிட்டு, முட்டிக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், செவ்வாய்க்கிழமை என்றார்.

ஊரில் சங்கத்தார் நோட்டீஸ் அடித்து ஒட்டியிருந்தார்கள். நிலத்துக்காகக் காலைப் பலிகொடுத்த ரெத்தினம் என்று. கண்ணாத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து யாரையோ விட்டு அவனுக்குப் படித்துக் காட்டச் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

திங்கட்கிழமை காலையில் ஹமீதா பானு என்ற டாக்டரம்மா வந்தார். கத்தி வைக்கிற டாக்டர் இல்லை. ஆபரேஷனைத் தாங்குகிற அளவுக்கு ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. சிவந்த கண்ணில் டார்ச் அடித்தார். வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு முட்டியையும் அமுக்கினார். கட்டுப்போடாத காலில் மங்கிக்கொண்டிருந்த கட்டிகளை விரலால் தடவினார். போக எழுந்தவர் திரும்ப உட்கார்ந்தார்.

"ரெத்தினம், வெளிக்குப் போறப்ப ரத்தம் போவுதா?"

"இல்லீங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?"

"எல்லாரையும் மாதிரிதாங்க."

டாக்டரம்மா அம்சத்தைப் பார்த்தார். ரெத்தினமும் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சலும் மிரட்டலும் சேர்ந்திருந்தது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றான்.

"நான் ஏன் கேக்கறேன்னு சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க" என்றார் அவர். "குடல்ல புண்ணு வர்ற ஒரு நோய் இருக்கு. அது குடலோட நிக்காது. உடம்பு தன்னையே எதிரியா நெனச்சிக்கிட்டுச் சண்டை போடற மாதிரி. முட்டி வீங்கும், கண்ணு சிவக்கும், வாய் வெந்துபோவும், கால்ல கட்டி வரும். அப்படி இருக்கற உடம்புல அடிபட்டா அந்தக் காயம் ஆறாது. கத்தி படப்படப் பெருசாவும். இது அதுவா இருந்தா காலை எடுக்கக் கூடாது. எடுத்த எடமும் இப்படியே ஆயிடும். மாத்திரை இருக்கு."

"அப்ப மாத்திரையக் குடுத்துடுங்களேன்" என்றாள் அம்சம்.

"அது இல்லாம வெறும் அழுகலா இருந்து, அந்த மாத்திரையக் குடுத்தா ஆளே போயிடுவாரும்மா. எதுன்னு எனக்குத் தெரியணும். பின்பக்கமாக் குழாய் விட்டுப் பாக்கணும்னா இவரு ஒத்துக்கணும். சாயங்காலம் வருவேன். யோசிச்சிச் சொல்லுங்க."

கான்ஸ்டபிள் டீ குடிக்க வராந்தாவுக்குப் போனார். அம்சம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"சொல்லிடு மாமா."

"சொன்னா, அப்ப சண்டையில நீ இல்லியான்னு போலீஸ்காரன் கேப்பான். வேட்டி ரத்தம் ஏதுன்னு கேப்பான். நான் இல்லேன்னா அடுத்தது நீதான். புரியுதா? காலு போனாப் போவட்டும் புள்ள."

"எனக்காகவா சொல்லாம இருக்கே?"

அவன் சங்கிலியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நெசத்தச் சொல்லு மாமா."

"தம்பி வெரலு மண்ணுல கெடந்திச்சு" என்றான் ரெத்தினம். "எனக்காக வந்தவன். அவன அங்க வெட்டறானுவ, நான் இங்க குந்திக்கிட்டு... எழுந்திரிக்க முடியல புள்ள. சத்தம் கேக்குது, எழுந்திரிக்க முடியல. அத அவன்கிட்ட எப்படிச் சொல்றது? ஊரே நான் சண்ட போட்டவன்னு சொல்லுது. அந்தப் பேரோட செத்தாலும் எனக்குப் போதும்."

அம்சத்துக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. நாலு மாதமாக மதகடியில் துவைத்த வேட்டிகளெல்லாம் கண்முன் வந்தன.

"அடிச்சது நான். பேரு உனக்கா?" என்றாள். "அந்தப் பேரு என்னுது. அத எடுத்துக்கிட்டுச் சாவறதுக்கு உனக்கு யாரு குத்தகைக்கு விட்டா?"

சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது கான்ஸ்டபிள் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அம்சம் நிமிர்ந்து நின்று சொல்லத் தொடங்கினாள்.

"ஐப்பசியிலேருந்து ரத்தம் போவுதுங்க. சளியும் ரத்தமுமா. பகலு ராவு பத்துப் பன்னண்டு தடவை. மார்கழியில முட்டி. பொங்கலுக்கு வாயி. தையில கண்ணு. கால்ல கட்டி மாசி மொதல் வாரமே வந்திடிச்சு, சண்டைக்கு முந்தியே. நான்தான் தொவச்சேன், எனக்குத் தெரியும்."

"ஏய், வாய மூடு!" என்றான் ரெத்தினம்.

கான்ஸ்டபிளின் கையிலிருந்த கடலை நின்றது. "அப்ப கால்ல இருந்தது அடி இல்லியா?"

"ஸ்டேஷன்ல விழுந்ததுதாங்க அடி. அதுக்கு முந்தி இருந்தது நோவு."

"வேட்டியில இருந்த ரத்தம்?"

"அவரு ரத்தந்தான். யாரும் வெட்டி வந்ததில்ல. சண்டை நடக்கையில வாய்க்கால்ல குந்தியிருந்தாரு. எழுந்து வர முடியல."

"அப்பறம் சாமிதுரைய அடிச்சது யாரும்மா?"

ரெத்தினம் எழப் பார்த்தான். சங்கிலி இழுத்து இரும்புக் கட்டில் தரையில் கீறிக்கொண்டு நகர்ந்தது. கட்டு நனைந்து சீழ் வடிந்தது. "நான்டா! நான்தான் அடிச்சேன்! அவ பொய் சொல்றா, எழுதாதடா!" என்று வார்டு அதிரக் கத்தினான். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

"நான்தாங்க" என்றாள் அம்சம். "அவன் ரெண்டாந்தரம் கழுத்துக்கு ஓங்கினான். மம்பட்டிப் பின்கட்டையால ஒரு போடு போட்டேன். இப்பவும் அதே மாதிரி ஓங்கினா, இப்பவும் போடுவேன்."

டாக்டரம்மா கேஸ் ஷீட்டை வாங்கி, செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்தார். கான்ஸ்டபிள் உரித்த கடலையை அப்படியே காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வாம்மா" என்றார். கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார்.

பிறகு நடந்ததைக் கண்ணாத்தாள்தான் ஜெயிலுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். குழாய் விட்டுப் பார்த்தார்களாம். குடல் நெடுக உரித்த தோல் மாதிரி புண்ணாக இருந்ததாம். மாத்திரை கொடுத்து மூன்றாம் வாரம் காயத்தின் ஓரம் சுருங்கத் தொடங்கியதாம். முகம் மட்டும் பூசணிக்காயாக உப்பிவிட்டதாம். இது முழுசாகப் போகாது, அடங்கும், திரும்பத் தலைகாட்டும், மாத்திரையை விடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சங்கத்தார் நோட்டீஸை அவர்களே கிழித்தார்கள். டீக்கடையில் பத்து நாள் சிரித்தார்கள்.

"அவரு தம்பி?" என்று கேட்டாள் அம்சம்.

"சேதி தெரிஞ்ச அன்னிக்கே போனாரு, அக்கா. அண்ணன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்பறம் கட்டிலுக்கு அடியில இருந்த சட்டிய அந்த ஒத்தக் கையால எடுத்துக்கிட்டுப் போயி, கொட்டிக் கழுவிக் கொண்டாந்து வச்சாரு. அதிலேருந்து தெனமும் அவருதான்."

சாமிதுரை பிழைத்தான், ஒரு காது கேட்காமல் போயிற்று. அவன் வெட்டியதற்குச் சாட்சி போதவில்லை என்று கோர்ட் விட்டுவிட்டது. ரெத்தினத்தை விடுவித்தார்கள், அம்சத்துக்கு இரண்டு வருஷம். அந்த வருஷ நெல்லைத் துரைராசு போலீஸ் காவலோடு அறுத்துக்கொண்டு போனார். பதிவு மனு மட்டும் உயிரோடு இருந்தது. அது முடிகிறவரை ரெத்தினத்தை நிலத்திலிருந்து இறக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு கிடைத்தது.

ஆடிப் பிறப்புக்கு மறுவாரம் ரெத்தினம் ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்க வந்தான். இரட்டை வலைக் கம்பிக்கு இந்தப் பக்கம் பத்துப் பெண்கள், அந்தப் பக்கம் இருபது பேர். எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். அவன் முகம் உப்பல் வடிந்து பழையபடி இருந்தது. வேட்டி வெளுப்பாக இருந்தது.

"எப்படியிருக்கே மாமா?"

"இப்ப ரெண்டு தடவைதான் போறேன்!" என்று அவனும் கத்தினான். "ரத்தம் இல்ல! கெட்டியாப் போவுது!"

பக்கத்திலிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வார்டரம்மா திரும்பிப் பார்த்தாள். அவன் லட்சியம் பண்ணவில்லை.

"கண்ணு?"

"தெளிஞ்சிடுச்சு. நீ நல்லாத் தெரியற!"

"வாயி?"

"நேத்து நண்டு ரசம் வச்சிக் குடுத்தா கண்ணாத்தா. மொளவாயோட தின்னேன்!"

"தண்ணி வந்திடுச்சா? நாத்து விட்டாச்சா?"

"விட்டாச்சு. வெரலு இல்லாம தம்பிக்கு நாத்தக் கத்தையா முடி கட்ட வரல, அவன் ஏரு ஓட்டறான். முடி நான் கட்டறேன்."

"முட்டி மடங்காம எப்படிக் கட்டுவே?"

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை இரண்டு கையாலும் ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டு, அப்படியே கீழே குந்தினான். கம்பிக்குக் கீழே பாதிச் சுவர். அவன் தலை மறைந்துவிட்டது. அம்சம் நுனிக்காலில் எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை. நேரமாயிற்று என்று வார்டரம்மா மணியடித்தாள். அவள் கம்பியை விடாமல் நின்றாள்.

யார் கையையும் பிடிக்காமல் ரெத்தினம் எழுந்து நின்றான்.